விருந்துக் கணக்கு: உணவுக்கு ஓர் ஏடு, மதுவுக்கு ஓர் ஏடு

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரே ஆண்டில் வங்கிப் பணியில் சேர்ந்த நாங்கள் குடும்பத்துடன் கோவாவில் கூடினோம். கடற்கரையை ஒட்டிய விடுதியொன்றில் தங்கினோம். நிறைவு நாளன்று இரவு விருந்து. வணிகவியல் படித்தவன் என்பதால் வரவு செலவுப் பொறுப்பு என்னிடம் வந்தது. உணவும் அளவில்லா மதுவும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று விடுதி சொன்னது. பெரியவர் அனைவருக்கும் சம பங்கு என்று நான் வகுத்தேன். கணக்கு எளிதாக இருந்தது. எளிதான கணக்கு சரியான கணக்காகவும் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு மூடவேண்டிய மதுக்கூடத்தை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைக்குமாறு எங்களில் யாரோ வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் வந்த பட்டியல், ஒதுக்கியிருந்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. என் கடன் அட்டையில் செலுத்திவிட்டு, பற்றாக்குறையை எல்லோரிடமும் மீண்டும் சமமாகக் கேட்டேன். கணவரை இழந்து இரு பிள்ளைகளைத் தனியே வளர்த்துவரும் சக அலுவலர் ஒருவர், எலுமிச்சைச் சாறு தவிர எதையும் அருந்தாதவர், அன்றே தம் பங்கை அனுப்பிவிட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த கூடலுக்கு அவர் வரவில்லை. நானும் காரணம் கேட்கவில்லை. பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தபோது காரணம் அதிலேயே எழுதியிருந்தது.

பணி நிறைவு விழா, பழைய மாணவர் கூடல், நிறுவனத்தின் ஆண்டு விருந்து என்று நம் வாடிக்கையாளர்கள் பலர் இத்தகைய பொறுப்பை ஏற்க நேர்கிறது. அவர்களுக்காகவே இக்கட்டுரை. மது அருந்துவதை ஊக்குவிப்பது இதன் நோக்கமன்று. அது பரிமாறப்படும் விருந்தில், அருந்துவோரும் அருந்தாதோரும் கணக்கால் மனம் நோகாதிருக்க வழி காண்பதே நோக்கம்.

இரு செலவுகள், இரு இயல்புகள்

உணவு எண்ணக்கூடிய செலவு. ஒருவர் ஓர் இலைக்கு மேல் உண்ணப் போவதில்லை. எத்தனை பேர் வருவர் என்று தெரிந்தால் தொகை தெரிந்துவிடும். மது அப்படியன்று. நேரம் நீள நீளச் செலவும் நீளும். ஒருவர் ஒன்றோடு நிறுத்துவார், மற்றவர் ஆறு வரை செல்வார். முன்னதை எண்ணி வாங்க வேண்டும். பின்னதற்கு எல்லை கட்டி வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே தொகையில் கலந்தால் எண்ணக்கூடியதும் எண்ண முடியாததாகிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு ஏடுகளைத் திறந்துவிடுவது நல்லது. உணவு, அரங்கம், இசை, மதுவல்லாத பானங்கள் ஆகியவை பொது ஏட்டில். மதுவும் அதனோடு கூடுதலாகக் கேட்கப்படும் நொறுக்குத் தீனிகளும் தனி ஏட்டில்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு கணக்கிடுவோம். அறுபது பேர் வருவதாக உறுதி செய்துள்ளனர்: பெரியவர் 50, சிறுவர் 10. பெரியவர்களில் மது அருந்துவோர் 28, அருந்தாதோர் 22. கீழே வரும் விலைகள் யாவும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கும் பருவத்திற்கும் ஏற்ப அவை மாறும்.

பொது ஏடு: உணவு

விடுதி ஒரு தட்டுக்கு ரூ. 1,400 என்றும், சிறுவர்க்குப் பாதி என்றும் விலைப்புள்ளி தந்திருக்கிறது. பெரியவர்க்கு 50 × 1,400 = ரூ. 70,000. சிறுவர்க்கு 10 × 700 = ரூ. 7,000. ஆக ரூ. 77,000. இதற்கு 5 விழுக்காடு வரி ரூ. 3,850 சேர்த்தால் ரூ. 80,850.

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உறுதி எண்ணிக்கை. விடுதியிடம் நாம் எழுதித் தரும் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு, ஆட்கள் வராவிட்டாலும் பணம் தந்தே ஆக வேண்டும். எனவே அழைத்தோர் எண்ணிக்கையை அன்றி, பங்குத் தொகையைச் செலுத்தியவர் எண்ணிக்கையையே உறுதி எண்ணாகத் தர வேண்டும். அதற்கு மேல் எத்தனை தட்டுகள் வரை விடுதி அதே விலையில் சமாளிக்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, தொடக்கச் சிற்றுண்டி. மதுவோடு அமர்பவர்கள் அதை மிகுதியாக உண்பர். முதன்மை உணவுக்கு வரும்போது அவர்களுக்குப் பசி குறைந்திருக்கும். அருந்தாதவர்களோ, சிறுவர்களோ இதற்கு நேர்மாறு. எனவே சைவம் நான்கு, அசைவம் நான்கு என்று எத்தனை வகை, எத்தனை முறை சுற்றி வரும், எந்த நேரம் வரை வரும் என்று வரையறுத்துக்கொள்ள வேண்டும். முதன்மை உணவில் வகைகளை அடுக்குவதைவிட, சிறுவர்க்கு எட்டரை மணிக்கே உணவு தொடங்கச் செய்வது பயனுள்ளது.

மூன்றாவது, பருவம். கோவாவில் டிசம்பர் இறுதி வாரத்தில் விடுதிக் கட்டணம் உச்சத்தில் இருக்கும், மழைக்காலத்தில் இறங்கும். ஆனால் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிக்குத் தடை உண்டு. அறைச் செலவு குறையும் அதே வேளையில் இறாலும் வஞ்சிரமும் விலை ஏறும். அம்மாதங்களில் கடல் உணவை ஒரு வகையோடு நிறுத்திக் கோழி, காய்கறி வகைகளைக் கூட்டினால் தட்டு விலை கட்டுக்குள் நிற்கும்.

பொது ஏட்டில் மதுவல்லாத பானங்களுக்கு ரூ. 6,150, இசைக்கும் அலங்காரத்திற்கும் ரூ. 12,000 எனக் கொள்வோம். உணவுடன் சேர்த்து ரூ. 99,000. எதிர்பாராச் செலவுக்கு ரூ. 11,000 ஒதுக்கினால் மொத்தம் ரூ. 1,10,000. பெரியவர் 50 பங்கு, சிறுவர் பத்துப் பேர்க்கு 5 பங்கு. ஆக 55 பங்கு. பெரியவர்க்கு ரூ. 2,000, சிறுவர்க்கு ரூ. 1,000 என்று கணக்கு முடிகிறது.

மதுவல்லாத பானங்களில் கஞ்சத்தனம் கூடாது. கோக்கம் பழச் சர்பத்தும், கோக்கமும் தேங்காய்ப் பாலும் கலந்த சோல்கடியும் அக்கடற்கரைக்கே உரியவை. அருந்தாதவர் கையில் புட்டிச் சோடாவைத் திணித்துவிட்டு மறந்துவிடும் விருந்தில், அவர் விருந்தினராக இல்லாமல் பார்வையாளராகிவிடுகிறார்.

தனி ஏடு: மது

விடுதிகள் பொதுவாக மூன்று முறைகளில் மது பரிமாறுகின்றன. தலைக்கு இவ்வளவு என்று, குறித்த நேரத்திற்கு அளவில்லாமல் தருவது ஒன்று. அருந்திய அளவுக்கு மட்டும் பட்டியல் இடுவது இரண்டு. நாமே புட்டிகளைக் கொண்டு வர, அவற்றைத் திறந்து பரிமாற ‘கார்க்கேஜ்’ கட்டணம் பெறுவது மூன்று. மூன்றாம் முறையைப் பல விடுதிகள் உரிமக் கட்டுப்பாடு காரணமாக ஏற்பதில்லை. ஏற்பவையும் கடைப் பட்டியலுடன் முத்திரை உடையாத புட்டிகளையே ஏற்கும்.

முதல் இரண்டில் எது இலாபம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிடலாம். மதுக்கூடம் மூன்று மணி நேரம் திறந்திருக்கும் என்க. முதல் மணி நேரத்தில் தலைக்கு இரண்டு குவளை, பிறகு மணிக்கு ஒன்று என்று திட்டமிடுவது விருந்து நடத்துவோர் கைக்கொள்ளும் கணிப்பு. ஒருவருக்கு நான்கு, 28 பேருக்கு 112 குவளைகள்.

அடுத்து அளவுகள். ஒரு சிறிய பெக் 30 மி.லி.; பெரிய பெக் 60 மி.லி. 750 மி.லி. புட்டியில் சிறிய பெக் 25, பெரிய பெக் 12½ கிடைக்கும். திராட்சை மதுவில் 150 மி.லி. குவளை ஐந்து. சிறு பீர் புட்டி 330 மி.லி., ஒருவருக்கு ஒன்று. 112 குவளைகளைப் பீர் 56, திராட்சை மது 20, விஸ்கி முதலியன 36 எனப் பிரிப்போம்.

பீர்: 56 × ரூ. 250 = ரூ. 14,000
திராட்சை மது: 4 புட்டி × ரூ. 2,500 = ரூ. 10,000
விஸ்கி முதலியன, பெரிய பெக்: 36 × ரூ. 500 = ரூ. 18,000
மொத்தம், மாநில வரி உட்பட: ரூ. 42,000

குவளை ஒன்றுக்குச் சராசரி ரூ. 375. அளவில்லாத் திட்டம் தலைக்கு ரூ. 1,800 என்று விடுதி சொன்னால், 1,800-ஐ 375-ஆல் வகுத்துப் பாருங்கள், 4.8 வரும். சராசரியாக ஒவ்வொருவரும் ஐந்து குவளை அருந்தினால்தான் அத்திட்டம் நமக்கு இலாபம். அதற்குக் குறைந்தால் இலாபம் விடுதிக்கு. மேலும், ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம் என்ற எண்ணம் குவளையை நிரப்பத் தூண்டும் என்பதையும் கருத வேண்டும். அளவில்லாத் திட்டத்தையே தேர்ந்தெடுத்தாலும், அருந்துவோர் 28 பேருக்கு மட்டும் (ரூ. 50,400) விடுதி ஒப்புக்கொள்கிறதா, பெரியவர் 50 பேருக்கும் (ரூ. 90,000) கேட்கிறதா என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். நான் தவறியது இவ்விடத்தில்தான்.

பெக் அளவும் சிறிய செய்தியன்று. மேற்கண்ட 36 குவளைகளையும் சிறிய பெக்காக ஊற்றினால் அவ்வகைச் செலவு ரூ. 9,000, மொத்தம் ரூ. 33,000 ஆகும். ஊழியர் கேளாமலே பெரிய பெக் ஊற்றுவது வழக்கம். “கேட்டால் ஒழியச் சிறிய பெக்” என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கோவாவின் முந்திரி ஃபெனிக்கும் இதுவே பொருந்தும். 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வுள்ளூர் மதுவை ஒருமுறை சுவைத்துப் பார்க்க விரும்புவோர் பலர். சுவைக்க 30 மி.லி. போதும்.

எல்லை கட்டும் முறை எளியது. அருந்துவோர் ஒவ்வொருவரும் தனி ஏட்டிற்கு ரூ. 1,500 செலுத்த வேண்டும். 28 பேர்க்கு ரூ. 42,000. இதற்கு ஈடாக விடுதியின் வழியே, ரூ. 250 மதிப்புள்ள டோக்கன் ஆறு அவர்களுக்குத் தரச் செய்யலாம். பீருக்கும் சிறிய பெக்கிற்கும் ஒரு டோக்கன். பெரிய பெக்கிற்கும் திராட்சை மதுக் குவளைக்கும் இரண்டு. டோக்கன் தீர்ந்தபின் வேண்டுவோர் தம் கையிலிருந்து விடுதிக்கே நேரடியாகப் பணம் தந்து வாங்கிக்கொள்ளட்டும். டோக்கன் முறை வேண்டாமெனில், செலவு எல்லையின் 80 விழுக்காட்டை, அதாவது ரூ. 33,600-ஐத் தொட்டவுடன் பொருளாளருக்குத் தெரிவிக்குமாறு விருந்து மேலாளரிடம் எழுதித் தரலாம். நீட்டிக்கவோ நிறுத்தவோ முடிவெடுக்கும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும்.

பட்டியலில் வரி

விலைப்புள்ளியில் தொகைக்குப் பின் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், வரியும் பிற கட்டணங்களும் தனி என்று பொருள். அவற்றை விரித்து எழுதித் தருமாறு கேளுங்கள்.

மனிதர் அருந்தும் மதுவைச் சரக்கு மற்றும் சேவை வரியின் வரம்பிலிருந்து அரசியலமைப்பின் 366 (12ஏ) கூறு விலக்கியுள்ளது. ஆகவே மதுவிற்கு அந்தந்த மாநிலத்தின் வரிகளே உண்டு. மாநிலத்திற்கு மாநிலம் அவை வேறுபடும். மதுவின் மீது ஜி.எஸ்.டி. இடப்பட்டிருந்தால் அது பிழை. கேள்வி எழுப்ப வேண்டும்.

உணவுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. இதன் விகிதத்தை விடுதியின் அறை வாடகை முடிவு செய்கிறது. முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறைக்கு நாளொன்றுக்கு ரூ. 7,500-க்கு மேல் பெற்ற விடுதி ‘குறிப்பிட்ட வளாகம்’ எனப்படும். அங்கே உணவுக்கு 18 விழுக்காடு. தாமாகவே அவ்வாறு அறிவித்துக்கொண்ட விடுதிகளிலும் அதே விகிதம். மற்றவற்றில் 5 விழுக்காடு. 2025 ஏப்ரல் 1 முதல் இவ்விதி நடப்பில் உள்ளது. நம் எடுத்துக்காட்டில் ரூ. 77,000-க்கு 18 விழுக்காடு என்றால் வரி ரூ. 13,860, அதாவது ரூ. 10,010 கூடுதல். தட்டு விலை ஒன்றே ஆயினும் இரு விடுதிகளின் இறுதித் தொகை ஒன்றாகாது.

சேவைக் கட்டணம் வரியன்று. உணவகங்களும் விடுதிகளும் அதைத் தாமாகவே பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதனை உறுதி செய்தது. ஊழியர்க்கு அன்பளிப்பு தருவது நம் விருப்பம். அதை ஒதுக்கு நிதியிலிருந்து தரலாம். குறை இருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சட்டம் வகுத்த எல்லைகள்

மது அருந்த உரிய வயது மாநிலத்திற்கு மாநிலம் மாறும்: கோவாவில் 21, கேரளத்தில் 23, தில்லியில் 25. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு உள்ளது. கல்லூரியில் பயிலும் பிள்ளைகளும் வரும் விருந்தில், அருந்துவோர் பட்டியலைத் தயாரிக்கும்போதே வயதைக் கருத வேண்டும்.

விருந்து நாளைக் குறிக்குமுன் மது விற்பனைக்குத் தடையுள்ள நாள்களைப் பாருங்கள். தேசிய விழா நாள்கள் மட்டுமன்றி, தேர்தல் நடக்கும் தொகுதியில் வாக்குப்பதிவு முடியும் நேரத்திற்கு முந்தைய 48 மணி நேரமும் மது வழங்கத் தடை உண்டு. அத்தகைய நிலையில் முன்பணம் என்னவாகும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். விடுதியின் மது உரிமம் மதுக்கூடத்திற்கு மட்டுமா, நாம் கேட்கும் புல்வெளிக்கும் மாடிக்கும் உண்டா, தனி அனுமதி தேவையெனில் அதன் கட்டணம் யாருடையது என்பதும் கேட்க வேண்டியவை.

விடுதியிலேயே தங்காமல் வீடு திரும்புவோர் இருந்தால், வாடகை வண்டிச் செலவைத் தனி ஏட்டில் சேர்த்துவிடுங்கள். குருதியில் 100 மி.லி.க்கு 30 மி.கி.க்கு மேல் ஆல்ககால் இருக்க வண்டி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி முதல் குற்றத்திற்கே ரூ. 10,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உயிரின் விலை இதனினும் பெரிது.

பணத்தைத் திரட்டுதலும் காத்தலும்

பொருளாளரின் சம்பளக் கணக்கில் பங்குத் தொகைகள் கலந்தால் எது யாருடையது என்பது விரைவில் மறைந்துவிடும். இருவர் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அனுப்புவோர் தம் பெயரையும் ‘பொது’ அல்லது ‘பொது, தனி’ என்பதையும் குறிப்பில் எழுதச் சொல்லலாம். கூடலுக்கு ஓராண்டு இருந்தால், மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பில் இடுவது பலருக்கு எளிது. முன்பணத்தை விடுதியின் நிறுவனக் கணக்கிற்கே அனுப்பி இரசீது பெற வேண்டும். ஊழியர் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பலாகாது.

பற்றாக்குறையைக் கடன் அட்டையில் செலுத்தி, உரிய நாளில் முழுதும் தீர்க்காமல் விட்டால், பல அட்டைகளில் மாதம் 3 விழுக்காட்டிற்கு மேல் வட்டி ஏறும். விருந்து ஓர் இரவு. வட்டி பல மாதம். விருந்து முடிந்த ஒரு வாரத்திற்குள் இரு ஏடுகளின் கணக்கையும் பட்டியல் நகலுடன் எல்லோருக்கும் அனுப்பி, மிச்சத்தை அந்தந்த ஏட்டுக்காரர்க்கே திருப்பித் தருவது முறை.

கையெழுத்திடுமுன் எழுத்தில் பெற வேண்டியவை

1. உறுதி எண்ணிக்கை, அதை மாற்ற இறுதி நாள்.
2. தட்டு விலை, சிறுவர் விலை, வரி விகிதம். வரி சேர்ந்த மொத்தம்.
3. மது: பரிமாறும் முறை, குவளை விலை, பெக் அளவு, யார் யாருக்குக் கட்டணம்.
4. மதுக்கூடம் திறக்கும், மூடும் நேரம்; நீட்டிக்க எழுத்து மூலம் ஒப்புதல் தரும் ஒருவர் பெயர்.
5. மதுச் செலவின் எல்லைத் தொகை. அதைத் தொட்டால் செய்ய வேண்டியது.
6. விருந்து நீக்கப்பட்டால் திரும்பக் கிடைக்கும் முன்பணம்.

எடுத்துக்காட்டின் முடிவைத் தொகுத்துப் பார்ப்போம். 50 பெரியவர்க்கும் அளவில்லா மது என்று சமமாகப் பங்கிட்டிருந்தால், அருந்தாதவர் ரூ. 2,000-உடன் ரூ. 1,800 சேர்த்து ரூ. 3,800 தர வேண்டியிருக்கும். இரு ஏட்டு முறையில் அவர் தருவது ரூ. 2,000. அருந்துபவரும் ரூ. 3,800-க்கு மாறாக ரூ. 3,500 தந்தால் போதும். இருசாராருக்கும் நட்டமில்லை. 22 பேர் தாம் தொடாத குவளைகளுக்குத் தந்திருக்கக்கூடிய ரூ. 39,600 அவரவர் வீட்டிலேயே இருக்கும்.

எங்கள் மூன்றாம் கூடலுக்கு இம்முறையைக் கைக்கொண்டோம். அழைப்பிலேயே இரு தொகைகளையும் தனித்தனியே அச்சிட்டோம். யார் எதைச் செலுத்தினர் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. அந்தச் சக அலுவலர் தம் இரு பிள்ளைகளுடன் வந்திருந்தார். எதனால் வந்தார் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. இம்முறை என்னிடம் இருந்த பட்டியலில், அவர் பெயருக்கு நேரே, அவர் உண்டதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை.